மார்த்தா வாஷிங்டனின் காலமும் ஒரு கொத்தமல்லி குக்கீயும்

1796ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை என்னால் தனித்தனியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அந்த ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 47 பக்கங்களே கொண்ட ஒரு சமையல் நூல் அச்சாகி வெளிவந்தது. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். தலைப்புப் பக்கத்திலேயே தம்மை ஓர் அமெரிக்க அநாதை என்று அறிமுகம் செய்துகொண்டவர். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சிட்ட முதல் சமையல் நூல் என்று அறியப்படும் அந்த ‘அமெரிக்கன் குக்கரி’யில் குக்கீ என்ற பெயருடனேயே இரண்டு செய்முறைகள் இருக்கின்றன. அதே ஆண்டு மே 21ஆம் நாள், பிலடெல்ஃபியாவில் குடியரசுத் தலைவரின் குடும்பம் உணவு மேசையில் அமர்ந்திருந்த வேளையில், ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அவர் தலைவரின் மனைவி மார்த்தா வாஷிங்டனுக்கு உடை உடுத்திவிட்டு, தலைவாரி, தையல் வேலை செய்துவந்த பணிப்பெண். சட்டத்தின் கண்ணில் அவர் ஓர் உடைமை.

அமெரிக்காவின் முதல் ‘முதல் பெண்மணி’யைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அச்சான அந்தக் குக்கீக் குறிப்பும் ஆளில்லாமல் போன அந்தப் பணிப்பெண்ணின் இடமும் ஒன்றாகவே என் முன் வந்து நிற்கின்றன. மார்த்தாவின் வாழ்க்கையைப் படங்களைக் கொண்டு அறிவதை விட அவர் காலத்து அடுக்களையைக் கொண்டு அறிவது மேல் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. தாமும் கணவரும் நாற்பதாண்டுகளாக எழுதிக்கொண்ட கடிதங்களை, கணவரின் மறைவுக்குப் பின் மார்த்தா எரித்துவிட்டார். மேசை இழுப்பறைக்குள் சிக்கிக்கொண்டவை போன்ற மிகச் சில மட்டுமே தப்பின. ஆனால் அவரிடமிருந்த கையெழுத்துச் சமையல் ஏடு தப்பிவிட்டது; இன்றும் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மார்த்தா டேண்ட்ரிட்ஜ் 1731 ஜூன் 2 அன்று வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்டியில், செஸ்ட்நட் குரோவ் என்ற பண்ணையில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தம்பி தங்கைகளை வளர்ப்பதிலும் வீட்டு நிர்வாகத்தைக் கற்றுக்கொள்வதிலுமே அவருடைய இளமை கழிந்தது. 1750இல், 18 வயதில், தம்மை விட ஏறத்தாழ 20 வயது மூத்த டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெருஞ்செல்வரை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தன. மூத்த இருவரும் சிறு வயதிலேயே இறந்தனர். 1757இல் கணவரும் இறந்தபோது மார்த்தாவுக்கு 26 வயது. கஸ்டிஸ் உயில் எழுதிவைக்கவில்லை. எனவே வர்ஜீனியச் சட்டப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மார்த்தா தம் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், ஆனால் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. அவருக்குப் பின் அது கஸ்டிஸ் வாரிசுகளைச் சேரும். அந்தப் பங்கில் 84 மனிதர்கள் இருந்தார்கள். நிலத்தையும் கால்நடைகளையும் பிரித்ததைப் போலவே அவர்களையும் பிரித்து எழுதினார்கள். ‘கைம்பெண் பங்கு’ எனப்பட்ட இந்த ஏற்பாடு பின்னால் பல குடும்பங்களைக் குலைக்கப்போகிறது என்பதை இங்கேயே சொல்லிவைக்க வேண்டும்.

கணவரை இழந்த அந்த இளம்பெண் உடைந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. புகையிலை வாங்கும் லண்டன் வணிகர்களுக்குத் தாமே கடிதம் எழுதிக் கணக்குகளைத் தொடர்ந்தார். 1759 ஜனவரி 6 அன்று ஜார்ஜ் வாஷிங்டனை மணந்து, எஞ்சிய இரு குழந்தைகளான ஜாக்கியையும் பாட்ஸியையும் அழைத்துக்கொண்டு, போடோமாக் ஆற்றங்கரையிலுள்ள மவுன்ட் வெர்னனுக்குக் குடிபெயர்ந்தார். அந்தப் பயணத்தில் அவருடன் சென்றவர்களுள் டால் என்ற சமையற்காரரும் ஒருவர். அவரும் கைம்பெண் பங்கில் அடங்கியவரே. மவுன்ட் வெர்னன் சமையலறையின் வரலாறு டாலிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வேன்.

பாட்ஸிக்கு வலிப்பு நோய் இருந்தது. மருத்துவர் மாற்றி மருத்துவராகப் பார்த்தார்கள், மூலிகைகள் கொடுத்தார்கள், 1769இல் ஒருவர் வந்து, வலிப்பு வராமல் தடுக்கும் என்று சொல்லி, அந்தச் சிறுமியின் விரலில் இரும்பு மோதிரம் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். 1773 ஜூன் 19 அன்று, உணவு முடித்து எழுந்த சிறிது நேரத்தில் பாட்ஸிக்கு வலிப்பு வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் உயிர் பிரிந்தது. அப்போது அவளுக்கு 17 வயது. ஜாக்கி 1781இல், அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையின்போது பாசறைக் காய்ச்சல் கண்டு நவம்பர் 5 அன்று இறந்தார். பெற்ற நால்வரையும் மார்த்தா இவ்வாறு பறிகொடுத்தார். ஜாக்கியின் இளைய பிள்ளைகள் இருவரையும், நெல்லி என்ற பேத்தியையும் வாஷ் என்று அழைக்கப்பட்ட பேரனையும், மவுன்ட் வெர்னனில் தாமே வளர்த்தார். அந்த இரும்பு மோதிரத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அவர்மேல் ஏற்பட்ட இரக்கம் இன்றும் குறையவில்லை. எதையாவது செய்து மகளைக் காப்பாற்றிவிட முடியாதா என்று தவித்த ஒரு தாயை அந்தச் சிறு இரும்பு வளையம் கண்முன் நிறுத்திவிடுகிறது.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் நடந்த எட்டு ஆண்டுகளிலும் குளிர்காலந்தோறும் மார்த்தா, தளபதியாக இருந்த கணவரின் படைமுகாமுக்குப் பயணமானார். 1775 டிசம்பரில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தவர், துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடல் நடுங்குகிறது என்று தோழி ஒருவருக்கு ஒளிக்காமல் எழுதினார். ஆனாலும் அடுத்த ஆண்டும் போனார். முகாம்களில் பெரியம்மை பரவியிருந்ததால் 1776இல் பிலடெல்ஃபியாவில் அம்மை குத்திக்கொண்டார். அந்நாளில் அது உயிருக்கே ஆபத்தான முடிவு. 1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் முகாமுக்குச் சென்றபோது தளபதியின் அறை மிகச் சிறியதாக இருந்தது. உணவருந்துவதற்கென்று மரக்கட்டைகளால் ஒரு குடில் கட்டிய பிறகுதான் இருப்பிடம் தாங்கக்கூடியதாக ஆனது என்று அவரே எழுதியிருக்கிறார். 1780இல் எஸ்தர் ரீட் என்பவரின் முயற்சியால் பிலடெல்ஃபியாப் பெண்கள் வீடுவீடாகச் சென்று படைவீரர்களுக்காக நிதி திரட்டியபோது, வர்ஜீனியாவில் அந்தப் பணிக்குத் துணைநின்றவர் மார்த்தா. படைவீரர்கள் அவரை ‘லேடி வாஷிங்டன்’ என்றார்கள். ‘முதல் பெண்மணி’ என்ற பட்டம் அவர் வாழ்நாளில் வழக்கத்தில் இல்லை.

1789இல் கணவர் குடியரசுத் தலைவரானதும் மார்த்தா மே 27 அன்று அப்போதைய தலைநகரான நியூயார்க் வந்தடைந்தார். இரண்டே நாளில், மே 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை, அவருடைய முதல் மாலை வரவேற்பு நடந்தது. அது முதல் வெள்ளிதோறும் நடந்த அந்த வரவேற்புகளில் தேநீரும் காப்பியும் கேக்கும், கோடையில் எலுமிச்சைச் சாறும் ஐஸ்கிரீமும் பரிமாறப்பட்டன. மன்னராட்சியை உதறிவிட்டு வந்த ஒரு நாட்டில், தலைவரின் மனைவி அரசியைப் போலவும் இருக்கக் கூடாது, மதிப்பில்லாமலும் இருக்கக் கூடாது என்ற இக்கட்டு அவருக்கு. அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் எவரும் இல்லை. பார்த்துப் பழக ஒரு முன்மாதிரி இல்லை. அந்த அக்டோபரில் மருமகள் முறையுள்ள ஃபேனிக்கு எழுதிய கடிதத்தில், தாம் வேறு எதையும் விட ஓர் அரசாங்கக் கைதியைப் போலத்தான் இருப்பதாகவும், சில எல்லைகளைத் தாண்டிப் போகக் கூடாது என்பதாகவும், எனவே பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுவதாகவும் எழுதினார். இரண்டு மாதம் கழித்து எழுதிய மற்றொரு கடிதத்தில், மகிழ்ச்சியும் துயரமும் பெரும்பாலும் நம் மனப்பாங்கைப் பொறுத்தவை, சூழ்நிலையைப் பொறுத்தவை அல்ல என்று தேறுதல் அடைந்தார். இரண்டாவது கடிதத்தைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முதல் கடிதமே நெருக்கமானது; அதில் அவர் யாருக்காகவும் தம்மைத் திருத்திக்கொள்ளவில்லை.

ஆனால் ‘கைதி’ என்று அவர் எழுதியபோது, அதே வீட்டின் வேறோர் அறையில் ஓனா ஜட்ஜ் இருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1790இன் இறுதியில் தலைநகரம் பிலடெல்ஃபியாவுக்கு மாறியது. பென்சில்வேனியா 1780இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தார் அழைத்துவரும் அடிமைகள் அங்கே ஆறு மாதம் தொடர்ந்து தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். இதை அறிந்ததும் வாஷிங்டன் தம்பதியர் ஆறு மாதம் முடிவதற்குள் தம் பணியாளர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி மீண்டும் வரவழைத்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினார்கள். இதைப் பணியாளர்களும் பொதுமக்களும் அறியாதவாறு செய்ய வேண்டும் என்று வாஷிங்டன் 1791இல் தம் செயலருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மார்த்தாவும் இதில் முழுமனத்துடன் பங்குகொண்டார். அவர் அன்புள்ள தாய், உறுதியான மனைவி, துணிவுள்ள பெண். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு எங்கே நின்றுபோனது என்பதை எழுதாமல் விட்டால் அவருடைய வாழ்க்கையை எழுதியதாக ஆகாது.

பிலடெல்ஃபியா வீட்டின் தலைமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ். அடுக்களையில் ஒரு சொட்டு அழுக்கையும் பொறுக்காதவர் என்றும், வேலை முடிந்த மாலைகளில் மிடுக்கான உடையும் தங்கப் பூணிட்ட கைத்தடியுமாக நகர வீதிகளில் உலா வருவார் என்றும் மார்த்தாவின் பேரன் பிற்காலத்தில் எழுதினார். விருந்துகளில் எஞ்சியவற்றை விற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அதில் அவர் நல்ல வருவாய் ஈட்டினார். அத்தனை புகழும் அவருக்கு விடுதலை தரவில்லை. ஓனா தப்பிய அதே 1796இல் ஹெர்குலிஸ் மவுன்ட் வெர்னனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கல் உடைப்பதும் மண் தோண்டுவதுமான வேலைகள் தரப்பட்டன. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65ஆம் பிறந்தநாளன்று, ஹெர்குலிஸ் தப்பிச் சென்றார். சில வாரங்களில் மவுன்ட் வெர்னனுக்கு விருந்தினராக வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி ஃபிலிப்பின் பணியாள், ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டார். மிகவும் மகிழ்ச்சி ஐயா, அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் அல்லவா என்றாள் அந்தக் குழந்தை. இந்த விடையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்த இளவரசர் பின்னாளில் பிரான்சின் மன்னரானார். அந்தக் குழந்தையின் பெயரை அவர் எழுதவில்லை.

ஓனா, பிலடெல்ஃபியாவின் கறுப்பின நண்பர்களின் துணையுடன் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரை அடைந்தார். திருமணமான பேத்தி எலிசபெத்துக்குத் தம்மை அன்பளிப்பாகக் கொடுக்க மார்த்தா முடிவு செய்திருந்ததை அவர் அறிந்திருந்தார். குடும்பத்தார் வர்ஜீனியா செல்ல மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தாமும் மூட்டை கட்டினார்; ஒரே வேறுபாடு, எங்கே போகப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. முதுமையில் இதை அவரே செய்தித்தாள் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார். அவரை மீட்க வாஷிங்டன் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடியவராகவே இருந்தார்.

இனி சமையல் ஏட்டுக்கு வருகிறேன். அது மார்த்தா எழுதியது அன்று. முதல் கணவரின் குடும்பத்திலிருந்து அவர் கைக்கு வந்தது. அதிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துச் சமையலைச் சார்ந்தவை. 1799இல் நெல்லிக்குத் திருமணமானபோது மார்த்தா அந்த ஏட்டைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார். அதில் இனிப்புகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு. ஜம்பல் என்ற பழைய பலகாரமும் அதில் இடம்பெறுகிறது: மாவு, சர்க்கரை, முட்டை, ரோஜாப் பன்னீர், வாசனை விதைகள் சேர்த்துப் பிசைந்து, கயிறாக உருட்டி, வளையமாகவோ முடிச்சாகவோ மடித்துச் சுடுவது. குக்கீயின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

மவுன்ட் வெர்னனின் புகழ்பெற்ற பெரிய கேக் குறிப்பு வேறு. அது பேத்தி ஒருத்தி பாட்டிக்காகத் தனித்தாளில் எழுதியது. 40 முட்டைகளின் வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்து, 4 பவுண்டு வெண்ணெயைக் குழைத்து, அந்த நுரையைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து, 4 பவுண்டு பொடித்த சர்க்கரை, 5 பவுண்டு மாவு, 5 பவுண்டு பழங்கள், ஜாதிபத்திரி, ஜாதிக்காய், ஒயின், பிராந்தி என்று நீளும் குறிப்பு அது. அந்தக் காலத்தில் கேக்கை உப்பச் செய்வதற்கு ஈஸ்ட் அல்லது அடித்த முட்டை, இவை இரண்டுமே வழக்கமான வழிகள். 40 முட்டைகளின் வெள்ளைக் கருவைக் குச்சிக் கட்டால் நுரைக்க அடிக்க ஒரு கை போதாது; கை மாற்றி அடிக்க வேண்டும். சர்க்கரையோ நீல நிறத் தாளில் சுற்றிய கூம்புக் கட்டியாக வந்தது. இடுக்கியால் நறுக்கி, உரலில் இடித்து, சலித்தால்தான் பொடியாகும். அந்தச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்து, விருந்தின் ஒழுங்கை வகுத்தவர் மார்த்தா. அடித்ததும் இடித்ததும் சுட்டதும் டாலும் அவர் மகள் லூசியும் நேதன் என்ற மற்றொரு சமையற்காரரும் அவர்களைப் போன்றவர்களும்தான். விருந்தினர் வராத நாளே அந்த வீட்டில் அரிது. 1797 ஜூலையில் வாஷிங்டன் தம் முன்னாள் செயலருக்கு எழுதுகையில், யாரும் எதிர்பாராமல் வந்துவிடாவிட்டால், இருபதாண்டுகளாக நடக்காத ஒன்று இன்று நடக்கும், நானும் மனைவியும் மட்டும் அமர்ந்து உண்போம் என்றார். இருபதாண்டுகளாகத் தொடர்ந்து வந்த விருந்தினர்களுக்கு விடியுமுன்பே அடுப்பு மூட்டியவர்கள் யார் என்பதை இந்த வரியைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

அமீலியா சிம்மன்ஸின் குக்கீ இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் முட்டை இல்லை. மணிக்கணக்காக அடிக்கும் வேலை இல்லை. ஒரு வேதிப்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. அதன் பெயர் பேர்ல் ஆஷ். மரச்சாம்பலைப் பீப்பாயில் இட்டு நீர் ஊற்றி, வடிந்த காரநீரை இரும்புக் கொப்பரையில் வற்றக் காய்ச்சினால் கருமையான பொட்டாஷ் கிடைக்கும். அதை மீண்டும் சூளையில் சுட்டுக் கரியை எரித்துவிட்டால் எஞ்சும் வெண்ணிறப் பொடிதான் பேர்ல் ஆஷ். வேதியியல் மொழியில் பொட்டாசியம் கார்பனேட். காடுகளை அழித்துக் குடியேறிய அமெரிக்கர்களுக்குச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டியிருந்ததால் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியும் ஆனது. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷும் பேர்ல் ஆஷும் தயாரிக்கும் புதிய முறைக்குத்தான். 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். மார்த்தாவின் கணவர் கையெழுத்திட்ட அந்தப் பொருள் ஆறு ஆண்டுகளில் அச்சான ஒரு குக்கீக் குறிப்புக்குள் வந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது.

சிம்மன்ஸின் கிறிஸ்துமஸ் குக்கீக் குறிப்பின் அளவு இது: 3 பவுண்டு மாவில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு நன்கு பொடித்த கொத்தமல்லி விதையைத் தூவி, 1 பவுண்டு வெண்ணெயையும் ஒன்றரைப் பவுண்டு சர்க்கரையையும் சேர்த்துப் பிசிற வேண்டும். மூன்று தேக்கரண்டி பேர்ல் ஆஷை ஒரு கோப்பைப் பாலில் கரைத்து ஊற்றி நன்றாகப் பிசைந்து, முக்கால் அங்குலத் தடிமனில் தேய்த்து, விரும்பிய வடிவில் வெட்டி, மிதமான சூட்டில் 15 அல்லது 20 நிமிடம் சுட வேண்டும். முதலில் கெட்டியாகவும் வறண்டும் இருந்தாலும், மண்பானையில் இட்டு நிலவறையிலோ ஈரப்பாங்கான அறையிலோ வைத்தால் ஆறு மாதம் கழித்து இன்னும் மென்மையாகவும் சிறப்பாகவும் இருக்கும் என்று குறிப்பு முடிகிறது. சர்க்கரை காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சுவதால் அது உண்மையாகவே இளகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கிறிஸ்துமஸுக்கு வேண்டியதைக் கோடையிலேயே சுட்டு வைத்துக்கொள்ளும் முன்யோசனை அதில் இருக்கிறது.

இது மார்த்தாவின் சொந்தக் குறிப்பு அன்று. அவர் பிலடெல்ஃபியாவில் தலைவரின் மனைவியாக இருந்த நாட்களில் சாதாரண அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. அதனாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன். 40 முட்டைக் கேக் பண்ணை மாளிகையின் உணவு. இது ஒரு பெண் தனியாகவே செய்து முடிக்கக்கூடிய உணவு.

மூல அளவில் ஆறில் ஒரு பங்கை எடுத்து இன்றைய அடுக்களைக்கேற்பச் சற்று மாற்றி நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். 225 கிராம் மைதா, 115 கிராம் பொடித்த சர்க்கரை, 75 கிராம் உப்பிடாத குளிர்ந்த வெண்ணெய், மூன்று தேக்கரண்டி கொத்தமல்லி விதை, கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு மேசைக்கரண்டி மோர். சிம்மன்ஸ் பால் என்கிறார். நான் மோர் என்கிறேன். பேர்ல் ஆஷும் பேக்கிங் சோடாவும் காரத்தன்மை உடையவை. புளிப்பு எதுவும் சேராவிட்டால் நாக்கில் சோப்புச் சுவை தட்டும். மோரின் புளிப்பு அந்தக் காரத்தை அடக்குவதோடு மாவைச் சற்று இளகவும் வைக்கிறது.

கொத்தமல்லி விதையை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வாசனை எழும்வரை மட்டும் புரட்டுங்கள். நிறம் மாறவே கூடாது. சிவந்தால் இனிப்புக்கு ஒவ்வாத குழம்பு மணம் வந்துவிடும். ஆறியதும் உரலில் இடியுங்கள். முதலில் தோல் பிளக்கும் மெல்லிய ஒலி கேட்கும். அப்போது எழும் வாசனை எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் நினைவூட்டும். தொடர்ந்து இடித்துச் சல்லடையில் சலித்து, நார்போல மேலே தங்கும் தோலை நீக்கிவிடுங்கள். கடையில் கிடைக்கும் பொடி இதற்கு உதவாது. அந்தப் பழவாசனை அரைத்த சில வாரங்களிலேயே போய்விடும்.

மைதாவையும் கொத்தமல்லிப் பொடியையும் உப்பையும் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனிகளால் பிசிறுங்கள். உள்ளங்கை படக் கூடாது; படும் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். கலவை நொய் போல உதிரியாக வந்ததும் சர்க்கரையைச் சேருங்கள். பேக்கிங் சோடாவை மோரில் கரைத்தால் உடனே நுரைக்கும். அந்த நுரை அடங்குமுன் கலவையில் ஊற்றிப் பிசைய வேண்டும். மாவு முதலில் சேராமல் உதிரும். பொறுமையாக அழுத்திப் பிசைந்தால் சேர்ந்துவிடும். அப்படியும் சேராவிட்டால் மட்டும் ஒரு தேக்கரண்டி மோர் கூடுதலாக ஊற்றலாம். தாராளமாக ஊற்றினால் குக்கீ ரொட்டியாகிவிடும். அரை மணி நேரம் குளிரில் வைத்தெடுத்து, 8 மில்லிமீட்டர் தடிமனில் தேய்த்து வெட்டுங்கள். மூலத்திலுள்ள முக்கால் அங்குலம் இன்றைய ஓவனில் நடு வேகாமல் நின்றுவிடுகிறது. 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் 18 முதல் 22 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். அன்றைய செங்கல் அடுப்பில் விறகை எரித்துக் கனலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ரொட்டிகள் வெந்த பின் தணிந்திருக்கும் சூட்டில்தான் இத்தகைய பலகாரங்களைச் சுடுவார்கள். கையை உள்ளே நீட்டி எத்தனை நொடி தாங்க முடிகிறது என்பதே வெப்பமானி. லூசியும் நேதனும் அப்படித்தான் சூட்டை அறிந்திருப்பார்கள்.

குக்கீ வெந்து ஆறியதும் கடித்துப் பார்த்தால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். கடினமாக இருக்கும், கொத்தமல்லி தனித்துத் தெரியும். மூடிய டப்பாவில் போட்டு நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். கடினம் தளர்ந்து, மணம் வெண்ணெயோடு கலந்து, எந்த மசாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இனிய வாசனையாகிவிடும். வெனிலா அமெரிக்க வீடுகளில் அரிதாக இருந்த காலத்தில் மக்கள் எதை இனிப்பின் வாசனையாக அறிந்திருந்தார்கள் என்பதை இந்தக் குக்கீ சொல்லிக்கொடுக்கிறது.

மார்த்தாவின் கடைசி ஆண்டுகளைச் சொல்லிவிடுகிறேன். 1799 டிசம்பர் 14 அன்று வாஷிங்டன் இறந்தார். தமக்குச் சொந்தமான 123 பேரில் வில்லியம் லீ என்பவர் உடனேயும் மற்றவர்கள் தம் மனைவியின் மறைவுக்குப் பின்பும் விடுதலை பெற வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். தம் மரணத்துக்காகக் காத்திருக்க நியாயமுள்ளவர்களுக்கு நடுவே மார்த்தா வாழ வேண்டியதாயிற்று. அவருக்குத் தம் உயிர் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றவில்லை என்று, அவரை மவுன்ட் வெர்னனில் சந்தித்த, அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் எழுதினார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா அவர்களை விடுவித்தார். தப்பிச் சென்றிருந்த ஹெர்குலிஸும் அந்த நாளில் சட்டப்படி சுதந்திர மனிதரானார். ஆனால் அவர் மனைவி கைம்பெண் பங்கைச் சேர்ந்தவர். தாயின் நிலையே பிள்ளைகளுக்கும் என்பதால் அவர் குழந்தைகள் விடுதலை பெறவில்லை. கைம்பெண் பங்கில் வந்தவர்களை விடுவிக்கும் அதிகாரம் மார்த்தாவுக்கு இல்லை. ஆனால் எலிஷ் என்ற ஒரு மனிதர் அவருக்கே நேரடி உடைமையாக இருந்தார். அவரை மார்த்தா விடுவிக்கவில்லை, பேரனுக்கு எழுதிவைத்தார். 1802 மே 22 அன்று மார்த்தா இறந்ததும் கைம்பெண் பங்கிலிருந்த 150க்கும் மேற்பட்டோர் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். கணவன் ஒரு வீட்டுக்கும் மனைவி வேறு வீட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1886இல் அமெரிக்க அரசு ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழ் என்ற பணத்தாளில் மார்த்தாவின் உருவத்தை அச்சிட்டது. அந்தத் தாளின் படத்தில் வெண்ணிறத் தலையணியுடன் அமைதியாகத் தெரியும் அந்த முகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, எலிஷின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

குக்கீயில் ஒரு மாற்றமும் செய்யலாம். கொத்தமல்லியின் அளவைப் பாதியாக்கி, சீரகத்தைப் போல இருக்கும் கேரவே விதை ஒரு தேக்கரண்டியையும் மோரில் ஒரு மேசைக்கரண்டிக்குப் பதிலாக நல்ல பன்னீரையும் சேர்த்தால், சுவை மார்த்தாவின் ஏட்டிலுள்ள ஜம்பலை நெருங்கிவிடும். அப்போது மாவைத் தேய்த்து வெட்டாமல் சுண்டுவிரல் தடிமனில் கயிறாக உருட்டி, நுனிகளை அழுத்தி இணைத்து வளையமாகச் சுடுங்கள்; மெல்லியதாக இருப்பதால் 15 நிமிடத்திலேயே வெந்துவிடும். உணவுக்கு உகந்த பன்னீர்தானா என்று பார்த்து வாங்குங்கள். தெளிப்பதற்காக விற்கும் பன்னீரை அடுக்களைக்குள் கொண்டுவர வேண்டாம்.